நான் இழுக்கச் சொன்ன தோள்

1. ஆலங்குளம் அரையிறுதி

ஆலங்குளத்தில் நடந்த பெண்கள் வாலிபால் போட்டியின் அரையிறுதியில் இசக்கி வலைக்கு மேலே எழும்பினாள். அவள் வலது கை எழும்பவில்லை. செட்டர் துர்கா தூக்கிக் கொடுத்த பந்தில் ஒரு குறையும் இல்லை. கை காதோரம் வரை வந்து அப்படியே நின்றுவிட்டது. பந்து அவள் தலையில் பட்டு வெளியே போனது.

“ஏட்டி, இது ஃபுட்பால் இல்ல!” என்று கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கீழே இறங்கியதும் வலது கையை இடது கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தோள் வலி இருப்பது எனக்கு முன்பே தெரியும்.

நான் பள்ளி உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தென்காசியில் ஒரு மைதானத்தில் மாலை நேரம் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். இசக்கி வடகரைப் பெண். எட்டாம் வகுப்பிலிருந்து என்னிடம் ஆடுகிறாள். விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் அவள் குறி. அதற்கான தேர்வு ஆட்டம் நெருங்கிக்கொண்டிருந்தது. வலது கைதான் அவளுடைய மூலதனம்.

அந்தப் போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு அவள் அம்மா மைதானத்துக்கே வந்திருந்தார்.

“சார், இவளுக்குத் தலை பின்னக்கூட கையத் தூக்க முடியமாட்டேங்கு. நான்தான் பின்னி விடுதேன். ஏதும் பெருசா இருக்குமோ?”

“சுளுக்குதாம்மா. ஞாயித்துக்கிழமை ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போறேன். சரியாயிரும்” என்றேன்.

“நீங்க சொன்னா சரிதான் சார்” என்று அவர் போய்விட்டார்.

2. கோழிப்பிடி

புதிதாகப் பயிற்சியாளர் வேலைக்கு வருகிறவர்கள் இந்தப் பகுதியைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எங்கள் அணியில் வார்ம்-அப் முடிந்ததும் ஒரு பயிற்சி உண்டு. ஒருத்தி தரையில் உட்காருவாள். இன்னொருத்தி பின்னால் நின்று முட்டியை அவள் முதுகில் ஊன்றி, இரண்டு கைகளையும் பின்பக்கமாக இழுப்பாள். முழங்கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் முட்டும் வரை விடக்கூடாது. கோழியை இறக்கையோடு சேர்த்துப் பிடிப்பது போல இருப்பதால் பிள்ளைகள் அதற்குக் கோழிப்பிடி என்று பெயர் வைத்தார்கள்.

“சார், இன்னும் கொஞ்சம் இழுத்தா குழம்பு வச்சிரலாம்” என்பாள் துர்கா. நானும் சிரிப்பேன். “இழுலே, இழு” என்பேன். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைகளையும் அப்படித்தான் அதட்டுவோம்.

கை எவ்வளவு பின்னால் போகிறதோ அவ்வளவு வேகமாக ஸ்பைக் அடி இறங்கும் என்பது என் நம்பிக்கை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என்னை இழுத்தார், நான் இவர்களை இழுக்க வைத்தேன். படிக்காதவன் செய்த தவறு என்று இதைத் தள்ளிவிட முடியாது. உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். தோள் மூட்டின் குழி ஆழமில்லாதது, எலும்பைக் குழியில் பிடித்து நிறுத்துவது சுற்றியிருக்கிற சிறு தசைகள்தான் என்று தேர்வில் படம் வரைந்து பாகம் குறித்தவன். அந்தப் படத்துக்கும் என் மைதானத்துக்கும் சம்பந்தம் உண்டு என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது தவறு அருவி. சீசன் வந்துவிட்டால் தோள் வலி என்று யார் சொன்னாலும் நான் ஐந்தருவிக்குக் கூட்டிப்போய்விடுவேன். பெண்கள் பக்கம் வரிசையில் நின்று உள்ளே போகும்போது, “வலிக்கிற தோளைத் தண்ணிக்குக் குடுத்து நில்லு, நகராத” என்று சொல்லி அனுப்புவேன். மேலிருந்து விழுகிற தண்ணீரின் அடியில் தோள் மரத்துப்போகும். வெளியே வரும்போது, “வலியே இல்ல சார்” என்பார்கள். அந்த மரப்பு இருக்கும்போதே நேராக ஆட்டத்துக்குக் கூட்டிப்போவேன். வலி என்ற காவல்காரனைத் தூங்கவைத்துவிட்டு வீட்டைத் திறந்து போட்டிருக்கிறேன்.

ஆலங்குளம் ஆட்டம் நடந்த அன்றும் காலையில் இசக்கி அருவியில் நின்றுவிட்டுத்தான் வந்தாள்.

3. இடது தோள்

தென்காசியில் நஸ்ரின் என்ற ஃபிஸியோதெரபிஸ்ட் இருக்கிறார். என் மகள் வயதுதான் இருக்கும். அந்த ஆட்டத்துக்குப் பிறகு இசக்கியையும் அவள் அம்மாவையும் அங்கே கூட்டிப்போனேன்.

நஸ்ரின் அவளை மேசையில் படுக்கவைத்து, முழங்கையை மடக்கி, கையைப் பின்பக்கமாகச் சாய்த்துப் பார்த்தார். அது வழக்கமான அளவைத் தாண்டியும் போய்க்கொண்டே இருந்தது. அடுத்து, “என் கையை வெளிப்பக்கமா தள்ளும்மா” என்று இரண்டு விரலை மட்டும் வைத்தார். மாவட்டத்திலேயே ஓங்கி அடிக்கிற பெண் என்று நான் பெருமை பேசிய இசக்கியால் அந்த இரண்டு விரலைத் தள்ள முடியவில்லை.

அப்புறம் இடது தோளையும் பார்த்தார். அதுவும் அதே போலப் பின்னால் போனது. நஸ்ரின் நெற்றியைச் சுருக்கினார். மற்ற மூட்டுகளும் இப்படித் தளர்ந்திருக்கிறதா என்று கட்டைவிரலை மடக்கிப் பார்த்தார், முழங்கை, கால்முட்டி எல்லாம் பார்த்தார். அவையெல்லாம் சாதாரணமாக இருந்தன.

“ஸ்பைக் அடிக்கிற பிள்ளைகளுக்கு அடிக்கிற தோள் மட்டும்தான் இப்படி மாறும். அடிக்காத தோளும் ஏன் இப்படி இருக்கு? யாராவது பிடிச்சு இழுத்து விடுவாங்களா?”

இசக்கி என்னைப் பார்த்தாள். பிறகு, “இல்ல மேடம். சின்னதுல இருந்தே இப்படித்தான்” என்றாள்.

நான் வாய் திறக்கவில்லை. அவள் அம்மா பக்கத்தில் இருந்தார். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் பேசாமல் இருந்தேன்.

“பிறவியிலேயே லூஸான மூட்டுன்னா, தலைக்கு மேல கை போற ஆட்டமே வேண்டாம்மா” என்றார் நஸ்ரின். “ஸ்கேன் எடுத்துட்டு சர்ஜனையும் பாத்துரலாம். போலீஸ் செலக்‌ஷனை மனசுல இருந்து எடுத்திருங்க.”

இசக்கி, “இடது கையால அடிச்சுப் பழகட்டுமா?” என்று கேட்டாள்.

“அதுவும் அப்படித்தானம்மா இருக்கு.”

வெளியே வந்ததும், அம்மா மருந்துக் கடைக்குப் போன நேரத்தில், “ஏன் பொய் சொன்ன?” என்று அவளைக் கேட்டேன்.

“உங்களக் காட்டிக் குடுக்கச் சொல்லுதீயளா சார்? நாளைக்கு உங்ககிட்ட யாரு பிள்ளைய விடுவா?”

என் பெயரைக் காப்பாற்ற அவள் தன் ஆட்டத்தையே கொடுத்துவிட்டாள். நான் அதை வாங்கிக்கொண்டு நின்றேன்.

4. மறுநாள் காலை

கிளினிக் திறக்கும்போதே போய் நின்றேன். “அந்தப் பிள்ளை நேத்து சொன்னது பொய். இழுக்கச் சொன்னது நான்தான்” என்றேன்.

“எப்படி இழுப்பீங்க? காட்டுங்க.”

நான் தரையில் உட்கார்ந்து, என் கைகளை நானே பின்னால் கொண்டுபோய்க் காட்டினேன்.

“போதும் சார், போதும். எழுந்திரிங்க” என்றார். எவ்வளவு காலமாக என்று கேட்டார். எட்டாம் வகுப்பிலிருந்து என்றேன். அருவியையும் சொன்னேன்.

“நேத்தே சொல்லியிருந்தா அந்தப் பிள்ளை நிம்மதியா தூங்கியிருக்கும்லா?”

தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஆனா சார், இது நல்ல சேதிதான்” என்றார். “மத்த மூட்டெல்லாம் சரியா இருக்கிறது எனக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பிறவிக் கோளாறுன்னா ஒரு கணக்கு. இது இழுத்து உண்டாக்கினது. இழுக்கிறத நிப்பாட்டி, மூட்டைப் பிடிச்சு நிறுத்துற தசைக்குப் பலம் குடுத்தா, பிள்ளை திரும்ப ஆட வாய்ப்பிருக்கு. உள்ள கிழிசல் இல்லாம இருக்கணும், அவ்வளவுதான்.”

ஸ்கேனில் கிழிசல் இல்லை. அந்த வரியை நஸ்ரின் வாசித்தபோது, இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன்.

அன்று மாலையே வடகரைக்குப் போய் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்பம் அந்த அருவியும் சும்மாவா சார்?”

“சும்மாகூட இல்லம்மா, கெடுதல்.”

“உங்கள நம்பித்தான விட்டேன்” என்றார். பிறகு, “சரி, கிழியலேன்னு சொல்லுதீயள்லா, அது போதும். இன்னொரு பிள்ளைய இழுக்காதீய.”

5. ரப்பர் பட்டை

அந்த வருடத் தேர்வை இசக்கி விட்டுவிட்டாள். பந்தைத் தொடாமல் ரப்பர் பட்டையை இழுத்தாள். ஒருக்களித்துப் படுத்துச் சின்ன எடையைத் தூக்கினாள். தோள்பட்டை எலும்பைச் சுற்றிய தசைகளுக்குத் தனிப் பயிற்சி. பிறகு காலும் இடுப்பும், ஏனென்றால் கீழிருந்து வர வேண்டிய வேகத்தையும் சேர்த்துத் தோளே கொடுத்துக்கொண்டிருந்தது. தசைக்குப் பலம் வந்த பிறகுதான் பந்து, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. அவளுக்கு எரிச்சல் வந்தது. “பட்டைய இழுக்கிறதுக்கா போலீஸ்ல வேல தருதாவ?” என்பாள். நஸ்ரின் அசையவே இல்லை.

அணி முழுவதையும் உட்காரவைத்து, நான் சொல்லிக்கொடுத்தது தவறு என்று சொன்னேன். துர்காதான், “அப்பம் கோழிக்கெல்லாம் விடுதலையா சார்?” என்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பழைய ஆட்டக்காரர்களில் எண் கிடைத்தவர்களுக்கு போன் செய்து பேசினேன். பலருக்குத் தோள் நன்றாக இருக்கிறது. ஒருத்தி மட்டும், “பஸ்ல மேல் கம்பியைப் பிடிக்க முடியாது சார், அது பழகிப் போச்சு” என்றாள். அவளையும் நஸ்ரினிடம் அனுப்பியிருக்கிறேன். அந்தத் தோளுக்கு நான் பொறுப்பு. அது என்னோடுதான் இருக்கும்.

இளைய பயிற்சியாளர்களுக்கு இதுதான் சொல்ல இருக்கிறது. தோள் வளைவதைப் பார்த்து மகிழ்ந்துவிடாதீர்கள். வளைகிற அளவுக்குப் பிடித்து நிறுத்தும் பலம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பிள்ளை வலிக்கிறது என்றால் அன்றைக்கு அடிக்கவிடாதீர்கள். மருத்துவம் பார்க்கிறவர் கேட்கும்போது, நீங்கள் செய்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். உங்களுக்காகப் பிள்ளையைப் பொய் சொல்லவிடாதீர்கள்.

அடுத்த தேர்வு ஆட்டத்துக்கு இசக்கியோடு நானும் அவள் அம்மாவும் போயிருந்தோம். முடிவு இன்னும் வரவில்லை. அன்று அவள் முதல் பந்துக்கு எழும்பினாள். நான் அவள் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மேலே போனது, அடித்தது, முகம் சுளிக்காமல் கீழே இறங்கினாள். பந்து உள்ளே விழுந்ததா என்று பக்கத்தில் இருந்த அவள் அம்மாவிடம்தான் கேட்டேன்.

“எனக்குத் தெரியல சார்” என்றார். “நானும் தோளத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்.”