பரணிக்கு எத்தனை மாதம்?

பரணிக்குக் கழுத்து நிற்கத் தாமதமானது. தூக்கினால் நனைந்த துணி போலத் தோளில் சரிவான். எட்டு மாதம் தாண்டியும் உட்காரவில்லை. பிடித்து உட்கார வைத்தால் முதுகு வளைந்து முன்னால் கவிழ்ந்துவிடுவான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். எல்லாம் என் கண்ணில் பட்டது. ஆனால் நான் வேறு கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அல்லவா!

முதல் பொய் பஸ்ஸில்தான். கடலூரிலிருந்து குமராட்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டுப் பெண்ணின் மடியிலிருந்த குழந்தை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தது. அவள் பரணியைப் பார்த்து, "எத்தினி மாசம் ஆவுது?" என்று கேட்டாள். அவனுக்கு ஒரு வயது முடிந்திருந்தது.

"ஏழு" என்றேன்.

"ஏழு மாசத்துக்கு நல்ல வளத்திதான்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

பிறகு அதுவே பழகிப்போனது. அவன் என்ன செய்கிறானோ அதற்குத் தோதான வயதைச் சொன்னேன். நாத்தனார் மகனும் அதே மாதத்தில் பிறந்தவன். அங்கே என் கணக்கு செல்லாது என்பதால், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் பரணிக்குக் காய்ச்சல் வந்தது.

என் கணவர் எனக்கு அத்தை மகன். மாமா என்றுதான் கூப்பிடுவேன். குடிகாட்டுப் பக்கம் ஆலையில் ஷிப்ட் வேலை. "டாக்டர்கிட்ட காட்டியே ஆவணும்" என்று அவர்தான் ஒற்றைக் காலில் நின்றார். கடலூரிலேயே மஞ்சக்குப்பத்தில் காட்டினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள், சிதம்பரம் போகலாம் என்றேன் நான். பெற்ற பிள்ளையை மறைத்து வைக்க ஊர் தேடினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அது 2006. குழந்தைகள் டாக்டரின் அறைக்குள் பரணியோடு நான் போனபோது மாமா டீ வாங்கப் போயிருந்தார்.

"வயசு என்னம்மா?"

இரண்டு முடியப் போகிறது. பிடித்துக்கொண்டு நிற்பான், அவ்வளவுதான். "ம்மா" என்று ஓர் ஓசை உண்டு, சொல் கிடையாது. தடுப்பூசி அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

"ஒண்ணேகால் சார்."

டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்த்துச் சிரித்தார். "பல்லு மட்டும் அவசரமா வந்துடுச்சு போல. இந்த வயசுக்குக் கொஞ்சம் ஸ்லோதான். ஆறு மாசம் பாத்துட்டு வாங்க."

வெளியே மாமா டீயோடு நின்றார். டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"எந்த வயசுக்கு?" என்றார். காலையில் பஸ்ஸில் நான் ஒருவரிடம் வயதைக் குறைத்துச் சொன்னதைக் கேட்டிருக்கிறார்.

அவர் பரணியை வாங்கிக்கொண்டார். "நீயே போயி சொல்லிட்டு வா. ஆறு மாசம் வீணாப் போவணுமா?"

உள்ளே வேறொரு தாய் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில்தான் சொன்னேன். "சார், ரெண்டு வயசு ஆவப் போவுது. கொறச்சி சொல்லிட்டேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அப்ப நான் சொன்னதெல்லாம் வேற யாரோ ஒரு கொழந்தைக்கும்மா. பையனத் தூக்கிட்டு வாங்க, முதல்லேர்ந்து பாப்போம்."

வளர்ச்சித் தாமதம் (அந்தந்த வயதில் வரவேண்டிய அசைவும் பேச்சும் பின்தங்குவது) என்றார். தசைத் தளர்வும் (தசைகள் விறைப்பின்றித் தொய்ந்திருப்பது) இருந்தது. காது கேட்கிறதா என்று சோதித்தார்கள்; கேட்டது. வாராவாரம் சிதம்பரத்தில் பயிற்சி. மற்ற நாட்களில் வீட்டில் பாய் விரித்து, சுவரில் சாய்த்து நிற்க வைப்போம். சோறு பிசையும்போதும் துணி துவைக்கும்போதும் அவனோடு பேசிக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். மூன்று வயதுக்கு மேல்தான் நடந்தான். சொற்கள் அதற்கும் பின்னால், ஒன்றொன்றாக வந்தன.

இதே நிலையில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். குழந்தை உட்காரவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை, கை நீட்டிக் காட்டவில்லை என்று உங்களுக்கு உறுத்தினால் டாக்டரிடம் போங்கள். போகும்போது உண்மையான வயதைச் சொல்லுங்கள். மருத்துவத்துக்கு அதுதான் அளவுகோல்.

இப்போது 2012. பரணிக்கு எட்டு வயது. ஒன்றாம் வகுப்பு. படிக்கட்டில் இன்னும் என் கையைப் பிடிக்கிறான். அந்தக் கை இழுபடும்போதெல்லாம் என் நடையும் தானாகக் குறைகிறது. அவசரமாக நடக்க மறந்துவிட்டேன்.

போன வாரம் அதே சிதம்பரம் பஸ்ஸில் ஒரு பெண், "தம்பிக்கு என்னா வயசு?" என்றாள். என் நாக்கில் ஆறு வந்து நின்றது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும்! வெட்கத்தில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரணி யோசித்தான். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். "எட்டு" என்று அவளிடம் சொன்னான்.

பிறகு என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, எனக்கும் ஒருமுறை சொன்னான்.

"எட்டும்மா."