அக்ரூட் மரத்தடியில் தோண்டியவன்

கிளெமென்ட் ஸ்பாலிங் என்ற பெயரை ஹெஸ்டர் பெட்டிட் முதலில் கேட்டது தன் நாத்தனார் ரூபியின் வாயால்தான். ஒரு கல்யாணத்தில் கேக் தின்றுகொண்டே ரூபி சொன்னாள்:

"என் ஓரகத்தி மகன்தான். மெட்டல் டிடெக்டர வச்சிக்கிட்டு பழைய காசு தேடி அலையுறான். உன் பண்ணைவீடு முந்நூறு வருஷத்துப் பழசாச்சே, விட்டுப் பாரேன்."

ஹெஸ்டர் விட்டாள். இங்கிலாந்தின் சஃபோக் பக்கம் இதற்கெல்லாம் கை குலுக்கினால் போதும். கிடைப்பதில் பாதி நிலத்துக்காரருக்கு; தோண்டிய குழியை மூட வேண்டும்; கிடைத்ததைச் சமையலறை மேசையில் பரப்பிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும்.

"எங்க வேணா தேடு. அக்ரூட் மரத்தடி மட்டும் வேணாம். எங்க டியூக் அங்க படுத்திருக்கான்" என்றாள், முதல் நாள் வந்த கிளெமென்ட்டிடம்.

"யாரும்மா, நாயா?"

"குதிரை. எங்க வீட்டுக்காரர் கடைசியா ஏர் பூட்டினது அவனத்தான்."

அவள் கணவர் ஹார்வி, பெற்ற தாய்க்குக்கூட அழாதவர், அந்தக் குதிரைக்கு அழுதார். தன் கையாலேயே குழி வெட்டி, நெற்றியில் கட்டும் பித்தளை வில்லையோடு புதைத்தார். சாகும்போது ஹெஸ்டரிடம் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: அவன்மேல் மண்வெட்டி படக் கூடாது. அவளும் சரி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நான் ஏம்மா அங்க போறேன்" என்றான் கிளெமென்ட்.

வாரந்தோறும் வந்தான். பொத்தான், ஈயக் குண்டு, எப்போதாவது தேய்ந்த வெள்ளிக் காசு. காசின்மேல் எச்சில் துப்பிக் கட்டை விரலால் தேய்ப்பான். அதே விரலால் ஹெஸ்டரின் கேக்கைப் பிட்டு வாயில் போடுவான். ரூபிக்காக அவள் பொறுத்துக்கொண்டாள். தோண்டின இடத்தில் புல்லைத் திரும்பப் பொருத்துவதில் மட்டும் அவன் கெட்டிக்காரன். தோண்டின சுவடே தெரியாது.

தேடுகிறவர்களின் சங்கம் மாதக் கடைசியில் ஊர் மண்டபத்தில் கூடும். கிடைத்ததைப் பச்சைத் துணியில் வைத்து, எது சிறந்தது என்று வாக்குப் போடுவார்கள். நிலத்துக்காரர்களையும் கூப்பிட்டு டீ கொடுப்பார்கள். அக்டோபரில் ஹெஸ்டர் போனாள்.

கிளெமென்ட்டின் இடத்தில் ஒரு பித்தளை வில்லை பளபளத்தது. சீட்டில், 'பார்லி வயல், இருநூறு வருடம்.' வயதான பொம்பளைக்கு ஒரு பித்தளைக்கும் இன்னொரு பித்தளைக்கும் என்ன வித்தியாசம் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தான். முன்பக்கத்தைத் தேய்த்துவிட்டு, மண் ஒட்டியிருந்தால்தான் பழசாகத் தெரியும் என்று பின்பக்கத்தை அப்படியே விட்டிருந்தான்.

ஹெஸ்டர் எடுத்துத் திருப்பினாள். களிமண்ணில் செம்பட்டை மயிர் ஒட்டியிருந்தது. மண்ணைச் சுரண்டினாள்.

"இது எந்தக் காலத்துதுப்பா?"

"ராஜா காலத்துச் சரக்கும்மா!"

"எந்த ராஜா? ஹெச்.பி.ன்னு பேர் வச்ச ராஜாவா? எங்க வீட்டுக்காரர் ஆணி வச்சுக் குத்தின எழுத்துடா இது. நான்தான் வில்லையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன்."

சங்கத் தலைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"மிஷின் கத்துச்சு, தோண்டினேன்" என்றான் கிளெமென்ட். "செத்த குதிரைதானே. அதுக்கு எதுக்கு நகை?"

"அது மண்டையக் கிளறின கையோடதான் என் மேசையில உக்காந்து தின்னியா? தூ!"

வில்லையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போய், அன்றைக்கே திரும்பப் புதைத்தாள். மேசையைச் சோடா உப்புப் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். நாற்றம் போனதாக அவளுக்குத் தோன்றவில்லை. மறுநாள் ரூபியே தன் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர்களுக்குச் சொந்தமில்லாத பண்ணை எது? ஒரு வாரத்தில் எல்லாப் படலும் அவனுக்கு மூடிவிட்டது.

கிளெமென்ட் இப்போது லோஸ்டாஃப்ட்டில் ஒரு மீன்வறுவல் கடையின் மாடியறையில் இருக்கிறான்; காலையில் அதே மிஷினோடு கடற்கரை மணலில் பீர் டப்பா மூடி பொறுக்குகிறான்.