காது குத்திய கடா

கீழ் இமையை இழுத்துப் பார்க்காமல் பவானேஸ்வரி எந்த ஆட்டுக்கும் புல் போடுவதில்லை. உள்ளே சிவந்திருந்தால், "மேரா, பாகுஸ்!" என்று தட்டிக்கொடுப்பாள். சிவப்பு, நல்லது. வெளுத்திருந்தால் குடற்புழு, அந்த ஆடு தனியே போகும். ஐந்து நாள் ஆடு வளர்ப்புப் பயிற்சி மலாய் மொழியில் நடந்ததால், கோலா சுங்கை பாரு பக்கத்து இந்தத் தமிழ் ஆடுகளுக்குச் சீக்கும் சுகமும் மலாயில்தான் வருகின்றன.

வயது இருபத்தாறு. பத்து பெரண்டாம் என்ற ஊரில் பார்த்த தொழிற்சாலை வேலையை உதறிவிட்டு, இடுப்புயரத்தில் பலகைத் தளம் அமைத்து ஆட்டுக் கொட்டகை போட்டவள். "மழையில நனைஞ்ச புல்ல குடுக்காதீங்க லா, வயிறு ஊதிக்கும்" என்று அக்கம்பக்கத்தாருக்கும் வகுப்பெடுப்பாள். கேட்காதவர்களுக்கும் எடுப்பாள்.

பயிற்சி முடிந்து வந்த மறுநாளே எல்லா ஆட்டின் காதிலும் துளையிட்டு, எண் போட்ட மஞ்சள் வில்லை மாட்டினாள். கறுப்புக் கடாவுக்கும்தான். சிறுநீரகம் பழுதாகிக் கிடந்த மகன் கணேஸ்வரன் பிழைக்க வேண்டுமென்று அம்மா ஜெயா அதை முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்டிருந்தார். வெளியே சொன்னால் பலிக்காதென்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. திருவிழாவன்று பூசாரி காதைப் பார்த்தார்.

"ஊனப்பட்டது சாமிக்கு ஆகாதும்மா. வேற கடா கொண்டாங்க."

நேர்ந்தது இதைத்தானே? ஜெயா கடாவோடு திரும்பிவிட்டார். பதினோராம் நாள் கணேஸ்வரன் போய்விட்டான்.

"நீ ஆட்டுக் காதையா குத்துன? அவன் ஆயுசக் குத்திட்ட." அம்மா அவளிடம் கடைசியாகப் பேசியது அதுதான். எட்டு மாதமாகிறது. ஒரே வீடு, ஒரே பானைச் சோறு, பேச்சு மட்டும் இல்லை.

டாக்டர் முன்பே கைவிரித்துவிட்டது பவானேஸ்வரிக்குத் தெரியும். அண்ணன் சாவுக்கும் ஆட்டுக் காதுக்கும் சம்பந்தமில்லை என்பதும் தெரியும். அறிவுக்குப் புரிந்ததை மனசுக்குப் புரியவைக்க எந்த ஊரில் பயிற்சி தருகிறார்கள்? கறுப்புக் கடாவை யாராவது விலை கேட்டால், "அது இல்ல அங்கிள், வேற பாருங்க லா" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

இப்போதெல்லாம் குட்டிக்கு வில்லை மாட்டும் முன் அதைச் சமையலறை வாசலுக்குத் தூக்கி வருவாள். "அம்மா, இத எதுக்காச்சும் நேர்ந்துருக்கியா? டேக் போட்றவா?" பதில் வராது. குட்டியோடு திரும்பிவிடுவாள். இப்படியே ஆறு குட்டிகள் வெறுங்காதோடு வளர்கின்றன.

நேற்றும் ஒன்றைத் தூக்கிவந்து கேட்டாள். உள்ளே தேங்காய் துருவும் சத்தம் நின்றது.

"நேர்றதுக்கு இனிமே எனக்கு யாரு இருக்கா?"

எட்டு மாதத்துக்குப் பின் அம்மாவின் குரல். 'நான் இருக்கேனேம்மா' என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கத்தல் உள்ளே கேட்காதபடி குட்டியின் முகத்தை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதன் காதில் வில்லையை மாட்டினாள்.