நீலா கேன்சலில் போனாள்

பஹ்ரைனில், ஈசா டவுனில், எங்கள் வீட்டுக்கும் நீலா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எழுபத்து நாலில் அவளும் தியாகுவும் வந்து இறங்கினார்கள். அவள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். வா, போ என்பாள். எங்கள் தெருப் பெண்களுக்கு ஒரு மாதம் வாய்க்கு வேலை கிடைத்தது. எனக்கு அவளை முதல் நாளே பிடித்துவிட்டது.

மதுரையில் கல்லூரியில் பழகியவர்கள். சாதி வேறு. இரண்டு வீட்டையும் பகைத்துக்கொண்டு பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். "அவன் உன்னை நடுத்தெருவுல விட்டுட்டுப் போவான், அன்னைக்கு வந்து எங்கிட்டச் சொல்லு" என்றாராம் அவள் அப்பா. அதோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள், சம்பளமில்லாத விடுப்பு போட்டுவிட்டு வந்திருந்தாள். இரண்டே வருஷம், பிறகு திரும்பிப் போய் அப்பா வீட்டு வாசலில் ஜோடியாக நிற்க வேண்டும். அதுதான் அவளுக்கு எல்லாம். இதை என்னிடம் சொன்னபோது தியாகுவும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினான்.

கட்டடப் படம் வரைகிறவனாகக் கம்பெனியில் சேர்ந்தவனுக்கு அங்கே காற்று நன்றாக அடித்தது. எங்கே பார்த்தாலும் கட்டடம், எல்லாருக்கும் ஆள் பஞ்சம். டூட்டி, சைட், ஓவர்டைம் தவிர அவன் வாயில் வேறு சொல் இல்லாமல் போயிற்று. சுவர் வழியாக எங்களுக்கு எல்லாம் கேட்கும்.

"ஜூன்ல போய் ஜாயின் பண்ணலேன்னா என் வேலை போயிரும், தியாகு."

"போனாப் போகட்டும். அங்க ஒரு வருஷம் வாங்குறதை இங்க நான் ஒரு மாசத்துல வாங்குறேன்."

"நான் வேலைய மட்டுமா சொல்றேன்?"

பிறகு ஏதாவது உடையும். மறுநாள் சாயங்காலம் பார்த்தால் இரண்டும் மார்க்கெட்டில் ஒரே மாதுளையைப் பிய்த்துத் தின்றுகொண்டு நிற்கும். சமாதானம் பேசப் போனவர்கள் மூஞ்சியில்தான் அசடு வழியும்.

எழுபத்தாறு மே மாதம் சண்டை சட்டென்று நின்றது. "சரி, போயிரலாம். கேன்சல் போட்டாச்சு" என்று அவன் சொல்லிவிட்டானாம். விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போவதைத்தான் அங்கே கேன்சல் என்பார்கள். ஒரு வீட்டில் கேன்சல் என்று தெரிந்தால் போதும், தெரிந்தவர்கள் வந்து சாமான்களுக்குச் சொல்லிவைத்துவிடுவார்கள். ஃபிரிட்ஜ் ஒருவருக்கு, அடுப்பு ஒருவருக்கு, தையல் மெஷின் எனக்கு. நீலா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். அப்பாவுக்குச் சட்டைத்துணி எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கட்டிலுக்குச் சொல்லிவைத்தவர் முகம்மது சித்தீக். கீழக்கரைக்காரர், மனாமாவில் துணிக்கடை. ஊரிலிருந்து அவர் மனைவி வரப்போகிறாள். எங்களில் யாரிடமும் பெரிய கட்டில் கிடையாது. இரண்டு ஒற்றை இரும்புக் கட்டிலைச் சேர்த்துப் போட்டுக் கால்களைக் கயிற்றால் கட்டிவிடுவோம். சித்தீக் பாய் வண்டியோடு வந்து, கயிற்றை அவிழ்த்து, ஒரு கட்டிலை மட்டும் தூக்கிப்போய் ஏற்றினார். நானும் நீலாவும் பெட்டி கட்டிக்கொண்டிருந்தோம்.

"இன்னொண்ணையும் எடுத்துக்கங்க பாய்" என்றாள் நீலா.

"ஒண்ணுதான் தருவேண்டு தம்பி சொல்லிட்டாரு, தங்கச்சி. தனியாளா கம்பெனி கேம்ப்புக்குப் போறப்ப தனக்கு ஒண்ணு வேணுமாம். நான் ஜோடியாத்தான் கேட்டேன்..."

பாதியிலேயே அந்த மனிதருக்குப் புரிந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்தார். சலாம் சொல்லக்கூட நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீலா மிச்சமிருந்த கட்டிலில், மெத்தையில்லாத கம்பிமேல் உட்கார்ந்தாள்.

தியாகு வந்ததும் நான் எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை.

"உன் விசாவை மட்டும்தான் கேன்சல் பண்ணினேன்" என்றான். "என்னைச் சூப்பர்வைசர் ஆக்கியிருக்காங்க. இப்ப விட்டா இந்த வாய்ப்பு வராது நீலா. முன்னாடியே சொன்னா நீ கத்துவே. ஏர்போர்ட்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ஏர்போர்ட்ல."

"ஒரு வருஷம்தானே? பின்னாடியே வந்துடுவேன்."

அவள் கத்துவாள், எதையாவது எடுத்து வீசுவாள் என்று பார்த்தேன். வீசவில்லை. சிரித்தாள். பாத்திரம் பண்டத்தை எல்லாம் அவள் துடைத்து ஊராருக்குக் கொடுத்தபோது பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தானே பாவி! பிறத்தியார் செய்தால் மோசடி என்போம். கட்டியவன் செய்தால் சொல்ல வார்த்தை இல்லை.

முஹரக் விமான நிலையத்துக்கு நானும் போனேன். தியாகு பளபளக்கும் ஒரு டேப்ரிக்கார்டரை அவள் கையில் கொடுத்தான்.

"மாமாவுக்கு வாங்கினேன். நான் குடுத்தேன்னு சொல்லு."

"அவரு இதைக் கேக்க மாட்டாரு, தியாகு. நீ எங்கேன்னு கேப்பாரு."

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். "கூட்டம் சேருது, நீ கிளம்பு" என்றான். அவள் டேப்ரிக்கார்டரைப் பெஞ்சில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அதை கேம்ப்புக்கு எடுத்துப் போய்த் தானே போட்டுக் கேட்டான். இதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அவன் சொன்ன ஒரு வருஷம் முடிந்து இன்னொன்றும் ஓடியது. அவன் ஊருக்குப் போகவில்லை. விடுப்பில் ஊருக்குப் போனபோது மதுரையில் நீலாவைப் பார்த்தேன். தொலைபேசி நிலையத்து வாசலில், டூட்டி முடிந்து வந்தாள். இளைத்திருந்தாள். காபி குடிக்கப் போனோம்.

"அப்பா?" என்றேன்.

"வந்த அன்னைக்கே போனேன்க்கா. ஆட்டம் ஜெயிச்சவர் மாதிரி பேசுவாருன்னு நினைச்சேன். நீங்க சொன்னதுதாம்ப்பா நடந்துச்சுன்னேன். பெட்டியை வாங்கி உள்ள வச்சுட்டு, என் முகத்தைப் பார்க்காம அழுதாரு."

காபி ஆறிக்கொண்டிருந்தது. அவள் தொடவில்லை.

"தியாகுவுக்காகத்தான் அவருகிட்ட அத்தனை வருஷம் சண்டை போட்டேன். நான் தோத்துட்டேன்னு சொல்லவாவது அவன் என்கூட வந்திருக்கலாம்க்கா."