வாழ்த்துப் பேனரில் எழுதிய விலாசம்

அந்தக் கைத்தொலைபேசி ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பிக்குள் சுற்றப்பட்டிருந்தது. ஆயாம்மா அதை என் கடையின் கண்ணாடி மேசையில் வைத்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் ஓடி இறங்கி வந்திருக்கிறார். சேலைக் கரையெல்லாம் சேறு. "இத நீதான் தொறக்கணும் தம்பி. சீக்கிரம்," என்றார். காலை பத்து மணி தாண்டியிருந்தது. அக்கரப்பத்தனை பஜாரில் போட்டோ பிரதி, போனுக்கு ரீலோட், பேனர் அச்சு எல்லாம் செய்யும் கொமினிகேஷன் கடை என்னுடையது. தோட்டத்தில் பாதிப் பேரின் போன்களுக்கு ஆரம்பத்தில் பூட்டுப் போட்டுக் கொடுத்தவனே நான்தான்.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுச் செல்லும் தோட்டத்துக் காப்பகத்தை எங்கள் பக்கம் பிள்ளைக்காம்பரா என்போம். ஆயாம்மா அதற்குப் பொறுப்பானவர். காலையில் பிள்ளையைக் கையில் வாங்கும்போதே, "சாயந்தரம் யாரு வருவா?" என்று கேட்பார். சொன்ன ஆள் வந்தால்தான் பிள்ளை வாசலைத் தாண்டும். பெற்ற தகப்பனே வந்து நின்றாலும், காலையில் பெயர் சொல்லப்படவில்லை என்றால் நிற்க வேண்டியதுதான். "கொழும்பு ஏர்போட்டுல கூட இவ்வளவு கேள்வி கெடையாது ஆயாம்மா," என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவர் சிரிக்க மாட்டார். அதுவும் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

அன்று அந்தக் கேள்விதான் அவரை ஓடி வரச் செய்தது. பதினைந்து வயதுப் பிள்ளை ஒருத்தி, தாய் குவைத்தில் வீட்டு வேலையில் இருந்ததால், தன் சின்னத் தங்கையைத் தினமும் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவாள். மாலையில் அவளேதான் வந்து கூட்டிப் போவாள். அன்று காலை மட்டும், "அப்பா வருவாரு ஆயாம்மா," என்றாளாம். சொல்லிவிட்டுத் தங்கையைத் திரும்பத் திரும்ப முத்தமிட்டாளாம். ஆயாம்மாவுக்கு அது நெஞ்சில் முள்ளாகவே கிடந்தது. பத்து மணிக்குக் குழந்தைக்கு உடுப்பு மாற்றப் பையைத் திறந்தால், அடியில் அக்காவின் போன். தகப்பன் வேலை செய்யும் தேயிலை மலைக்கு ஆள் அனுப்பிவிட்டு, பிள்ளைகளை உதவிக்கு இருந்த பெண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, நேரே என்னிடம் வந்துவிட்டார்.

நான் திறந்தேன். யாரோ ஒரு 'அக்கா' நான்கு மாதமாக அவளோடு பேசியிருந்தாள். முதலில் அன்பு, பிறகு ரகசியம், பிறகு படங்கள். கடைசி வாரம் முழுக்க மிரட்டல். கொழும்பில் வேலை இருக்கிறது, வராவிட்டால் உன் படங்கள் குவைத்துக்குப் போகும். போனை வீட்டிலேயே விட்டுவிடு. பதினொன்றரைக்கு ஹட்டன் ஸ்டேஷன். வாசித்துக்கொண்டே மேலே போனேன். முதல் செய்திக்கு மேல் ஒரு படம் இருந்தது. "இது நீங்கதானே தங்கச்சி? எவ்வளவு அழகு!" என்று அதன் கீழே எழுதியிருந்தது. அந்தப் படம் என் கடையின் பேஸ்புக் பக்கத்திலிருந்து எடுக்கப்பட்டது.

அவள் பெரிய பிள்ளையானபோது நடந்த சடங்குக்கு நான் அச்சடித்த வாழ்த்துப் பேனர் அது. பட்டுச் சேலையில் அவள், சுற்றிலும் ரோஜாப்பூ. பெயர், தோட்டம், டிவிஷன், அவர்கள் குடியிருக்கும் லயத்தின் நம்பர். கீழே வாழ்த்துவோர் வரிசையில் முதலாவதாக, 'அன்பு அம்மா (குவைத்)'. எங்கள் ஊரில் எல்லாப் பேனரும் அப்படித்தான். வெளிநாட்டில் இருப்பவரின் பெயரை முதலில் போடாவிட்டால் மனஸ்தாபமே வந்துவிடும். கடைக்கு விளம்பரமாக இருக்கட்டும் என்று ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஏற்றுவேன். லைக் குவியும், நானும் பூரித்துப்போவேன். அந்த வீட்டில் தாய் இல்லை என்பதை ரோஜாப்பூ வைத்து உலகத்துக்கே நான் அறிவித்திருக்கிறேன் என்று அந்த நிமிடம்தான் உறைத்தது.

அவள் ஒன்பதரை ஹட்டன் பஸ்ஸில்தான் போயிருக்க வேண்டும். அதன் கொண்டக்டர் என் வாடிக்கையாளர், சிங்களவர்; தோட்டத்துப் பிள்ளைகளை முகம் தெரிந்தவர். அவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்ததும் ஆயாம்மா போனை என் கையிலிருந்து பிடுங்கினார். "மல்லி, அபே கெல்லவ பஹின்ன தென்ன எப்பா!" தம்பி, எங்கள் பிள்ளையை இறங்க விடாதே என்பதைத்தான் அப்படிச் சிங்களத்தில் கத்தினார். பொலிஸுக்கு நான் சொன்னேன். பிறகு ஆட்டோவில் ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் ஆயாம்மா, முன்னால் போகும் பஸ் இதுதானா என்று எட்டி எட்டிப் பார்த்தார்.

தலவாக்கலையில் பஸ் நின்றுகொண்டிருந்தது. கொண்டக்டர் கதவில் கையைக் குறுக்கே வைத்து நின்றார். உள்ளே அந்தப் பிள்ளை அலறிக்கொண்டிருந்தாள். "என்னை வுடுங்க! நான் போகாட்டி எல்லாருக்கும் அனுப்பிடுவாங்க!" நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். ஆயாம்மா ஏறிப்போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது. "அனுப்பட்டும்டி. அனுப்புறவனுக்குத்தான் வெக்கம், ஒனக்கு என்னா? ஒங்கம்மாகிட்ட நான் பேசுறேன்." பஸ்ஸில் இருந்த பெண்கள் இரண்டு பேர் எழுந்து வந்து, மற்றவர்கள் பார்க்காதபடி அவளை மறைத்து நின்றார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் காத்திருந்த ஒரு பெண்ணைப் பொலிஸ் பிடித்தது. அந்தச் செய்திகளை எழுதியது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

திரும்பி வந்ததும் நான், "ஊரே அப்புடித்தானே போடுது ஆயாம்மா," என்று முணுமுணுத்தேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது. அவர் என்னை நேராகப் பார்த்தார். "புள்ளையக் கேட்டு வர்ற அப்பன்கிட்டயே நான் நூறு கேள்வி கேக்குறேன். நீ கேக்காதவனுக்கெல்லாம் வெலாசம் குடுத்துருக்க."

அன்று கடையைச் சாத்திவிட்டு ஒவ்வொரு பிள்ளையின் படத்தையும் அழித்தேன். ஆயாம்மா அதோடு விடவில்லை. பிள்ளைக்காம்பராவில் தாய்மாரைக் கூட்டி, என்னையே முன்னால் நிறுத்தி, நான் செய்ததை என் வாயாலேயே சொல்ல வைத்தார். பிறகு பஜாரில் பேனர் அடிக்கும் கடைகளுக்கெல்லாம் அந்தத் தாய்மாரோடு போனார். பிள்ளைகளின் படம் பேஸ்புக்கில் ஏறக் கூடாது, பேனரில் லய நம்பர் வேண்டாம், யார் வெளிநாட்டில் என்றும் வேண்டாம். எதிர்க்கடை பாய் உடனே ஒத்துக்கொண்டார். சிலர் எங்களைத் திட்டிவிட்டு ஹட்டனுக்குப் போய் அச்சடித்தார்கள். போகிறவர்களின் வீட்டுக்கும் ஆயாம்மா போய் உட்கார்ந்துகொள்வார்.

ஆயாம்மா இப்போது இல்லை. பிள்ளைக்காம்பராவில் வேறொருவர் இருக்கிறார். அந்தப் பிள்ளை படித்து முடித்து, போன வாரம் வேலை விண்ணப்பம் அச்சடிக்க என் கடைக்கு வந்தாள். தாளை மடித்துக்கொண்டே, "அண்ணே, அந்தப் பேனர் படம் இப்பவும் எங்கயாவது இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். மாதத்துக்கு ஒரு தடவையாவது நான் அதைத் தேடுவேன். ஒரு பக்கத்தில் நீக்க வைத்தால் இன்னொரு பக்கத்தில் முளைக்கும். "இருக்குது தங்கச்சி," என்றேன். அவள் முகம் வெளுத்தது. பிறகு முக்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். "காட்டுங்க."

காட்டினேன். அவள் நெடுநேரம் பார்த்தாள். படத்தை நீக்கச் சொல்லி முறைப்பாடு செய்யும் இடத்தை அவளே திறந்தாள். இந்தப் படத்தில் இருப்பது யார் என்று பேஸ்புக் கேட்டது. இத்தனை வருஷமும் நான் 'வேறொருவர்' என்பதைத்தான் அழுத்தி வந்திருக்கிறேன். அவள் 'நான்' என்பதை அழுத்தினாள்.

இன்னும் பதில் வரவில்லை.