காட்டுப் பூண்டு வறை

2023 ஏப்ரல் 29, சனிக்கிழமை. ஆறு மணிக்கு எழுந்தேன். கணவரின் இரத்த அழுத்தத்தை அளந்து கொப்பியில் எழுதினேன். அவருடைய இதய மாத்திரையைத் தேநீரோடு கொடுத்தேன். அவருக்கு இரண்டு மணிக்கு வேலை என்பதால் வீட்டில் நின்றுவிட்டார். நானும் அவருடைய அக்காவான மச்சாளும் 7.40க்குக் கொலோனில் ரயில் ஏறினோம்.

ரைன் ஆற்றுக்கு மேலே ஒரு கோட்டை இடிபாடு. மிஞ்சியிருப்பது ஒரு கோபுரம், அதுவும் பாதி. கீழே சரக்குப் படகுகள் ஆற்றை எதிர்த்து மெல்ல ஊர்ந்தன. நாங்கள் இருந்த நேரம் முழுவதும் ஒரு மரங்கொத்தி எங்கோ தட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் படவில்லை.

இறங்கும் வழியில், காப்புக்காடு முடியும் பலகையைத் தாண்டியதும், மரங்களின் கீழே தரை தெரியாமல் காட்டுப் பூண்டு முளைத்திருந்தது. ஆளுக்கு ஒரு கைப்பிடி பறிக்கலாம் என்பது இங்குள்ள விதி.

"தேங்காய்ப்பூ போட்டு ஒரு வறை வறுப்பம்," என்றார் மச்சாள்.

இதே தோற்றத்தில் ஒரு நச்சு இலையும் உண்டு என்று எனக்குத் தெரியும். வசந்தத்தில் வெள்ளை மணிகளாகப் பூக்கும் செடி அது, இன்னும் பூத்திருக்கவில்லை. அதில் பூண்டு மணம் இராது. ஆகவே மச்சாள் பறித்துத் தர, நான் ஒவ்வோர் இலையாகக் கசக்கி மோந்து பையில் போட்டேன்.

"பாஸ்போர்ட் பாக்கிற மாதிரியெல்லோ பாக்கிறீர்!" என்று சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வறை வறுத்து, 12.25க்குக் கணவருக்கு முதலில் பரிமாறினேன். "நல்லாயிருக்கு, இன்னும் கொஞ்சம் போடும்," என்றார். போட்டேன்.

மிச்ச இலைகளைக் கழுவப் போனேன். கையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் தொட்டேன். ஒரே தண்டில் இரண்டு இலைகள் சுற்றிக்கொண்டு நின்றன. காட்டுப் பூண்டில் ஓர் இலைக்கு ஒரு தண்டு. கசக்கி மோந்தேன். வெறும் புல் மணம். காட்டில் முதல் பத்து இலைகளுக்குப் பிறகு நான் மோந்ததெல்லாம் பூண்டு மணம் ஏறிய என் விரல்களைத்தான்.

"மச்சாள், இதைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். பிறகு தம்பியின் வெறும் தட்டைப் பார்த்தார். "ஐயோ, நான்தானே பிடுங்கினனான்," என்றார்.

நச்சு உதவி எண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டார். வயது? ஐம்பத்தாறு. சாப்பிட்டு எவ்வளவு நேரம்? இருபத்தைந்து நிமிடம். மாத்திரை? பெயரையும் அளவையும் கொப்பியைப் பார்க்காமலே சொன்னேன். அந்த இலையில் எத்தனை சாப்பிட்டார்? எனக்குத் தெரியவில்லை. சட்டியில் போட்டதையெல்லாம் ஒன்றாக அரிந்துவிட்டேன்.

"அந்த இலையும் இதயத்தைத்தான் தாக்கும். அந்த மாத்திரையோடு என்றால் காத்திருக்க வேண்டாம். ஆம்புலன்ஸை அழையுங்கள், மிச்ச இலையையும் கொண்டு போங்கள்," என்றார்.

கணவர் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்டும் செய்யேல்லை. ரெண்டு மணிக்கு நான் அங்க நிக்கவேணும்."

"கழட்டுங்கோ. நீங்கள் இண்டைக்கு வேலைக்குப் போக ஏலாது."

"அவள் சொல்லுறதைக் கேளடா!" என்று மச்சாள் கத்தினார். தம்பியிடம் அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஆம்புலன்சில் ஏறிய பிறகு ஒருதரம் வாந்தி எடுத்தார். மருத்துவமனையில் கரித்தூள் கரைசலைக் குடிக்கக் கொடுத்து, நெஞ்சில் கம்பிகளை ஒட்டினார்கள். மூன்று மணிக்கு நாடி 54. ஐந்துக்கு 47. மருத்துவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. நச்சு ஏறுகிறதா, மாத்திரையின் வேலையா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது, காலைவரை பார்ப்போம் என்றார்.

கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்காவை ஏசிப்போடாதேயும்," என்றார்.

"மோந்து பாத்தது நான்," என்றேன்.

எட்டு மணிக்கு அவரை அங்கே வைத்துக்கொண்டு எங்கள் இருவரையும் அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வறைச்சட்டி அடுப்பின் மேலேயே இருந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

மறுநாள் காலை, விளக்கைக்கூடப் போடாமல், முதலில் மருத்துவமனைக்குத்தான் எடுத்தேன். மணி 5.50. தாதி திரையைப் பார்த்து வாசித்தார்: நாடி ஐம்பத்தொன்பது, இரண்டு மணியிலிருந்து ஒரே சீராக இருக்கிறது. தூங்குகிறார், எழுப்பட்டுமா என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன்.