சொறியாமல் உட்கார்ந்த சிவன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. திதிக்கு வந்து இந்தப் புத்தகத்தைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் பழகியவர்களுக்கும் தங்கையின் வணக்கம். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவதோடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. "நல்லதை மட்டும் எழுதுங்க அத்தை" என்று அண்ணன் பிள்ளைகள் சொன்னார்கள். நல்லதைத்தான் எழுதுகிறேன். ஆனால் கெட்டது செய்தவரையும் சேர்த்து எழுதினால்தான் அந்த நல்லது விளங்கும்.

அண்ணன் ரந்தாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால் பன்னிரண்டு வயதிலேயே பால்வாளி தூக்கினார். அவர் பாலுக்கு மரம் வெட்டினால் பட்டை வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாக விழும். மாசி மாதம் காமன் கூத்தில் ரதி வேஷம் கட்டுவார். காமனைச் சிவன் எரித்ததும் அண்ணன் அழும் அழுகையில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டு அம்மாகூட மூக்கைச் சிந்துவார்கள். சிவன் வேஷம் எப்போதும் மண்டோருக்குத்தான். வேலை வாங்குகிறவர் அவர், வேறு யார் கேட்பது?

அந்த மண்டோரின் மைத்துனர் அவசரத்தில் கத்தியை அழுத்தி, ஒரு வரிசை மரத்தையே காயப்படுத்திவிட்டார். காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போது, மண்டோர் எல்லார் முன்னாலும் என் அண்ணனைக் கைகாட்டினார். அண்ணனுக்கு வேலை போனது, தோட்டத்து வீடும் போனது. வாதத்தில் கிடந்த அம்மாவைப் பாயோடு லாரியில் ஏற்றினோம். மழை பெய்தது. மண்டோர் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். போன இடத்தில் அம்மா இருபது நாள்தான் இருந்தார்.

அடுத்த மாசிக்குக் கூத்து வாத்தியார் தேடி வந்தார். "ரதி இல்லாம எப்படிப்பா காமனை எரிக்கிறது?" என்றார். போகாதீர்கள் என்று நான் அழுதேன். "கூத்து கோயிலுக்கு பாப்பா, மண்டோருக்கு இல்ல" என்றார் அண்ணன்.

சரி என்று நானும் கூடவே போனேன். கூத்துத் துணிமணிகளைத் தைப்பது எப்போதும் என் வேலை. சிவன் வேஷத்துக்கு மண்டோர் வைக்கும் சடைமுடியைப் பிரித்து, உள்துணியில் பூனைக்காலிக் காயின் சுணையைக் கொட்டித் தைத்து வைத்தேன். தோலில் பட்டால் உயிரைப் பிடுங்கும் அரிப்பு. சிவன் தவத்தில் உட்கார்ந்து தோட்டமே பார்க்கச் சொறிய வேண்டும் என்பது என் ஆசை.

விடிந்தால் பெரட்டு என்பதால் எங்கள் தோட்டத்தில் சாயங்காலமே கூத்து தொடங்கிவிடும். சனம் கூடிவிட்டது, மண்டோரைக் காணோம். வயிற்றுப்போக்காம். "சிவன் கக்கூஸ்ல தவம் பண்றாரு லா!" என்று யாரோ கத்த, ஒரே சிரிப்பு. வாத்தியார் அவசரமாக ரதியை வேறொருவருக்குக் கட்டிவிட்டு, எல்லாப் பாட்டும் தெரிந்த அண்ணன் தலையில் சடைமுடியை வைத்தார்.

நான் ஓடினேன். சுற்றி முழுக்க ஆம்பளைகள். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. அதற்குள் மேளம் அடித்துவிட்டார்கள்.

காமன் அம்பு விடும்வரை சிவன் கண்ணை மூடி அசையாமல் இருக்க வேண்டும். அண்ணன் இருந்தார். கழுத்து சிவந்து தடித்தது. திருநீறு வியர்வையில் கரைந்து ஓடியது. "சிவன் அழுவுறாரும்மா" என்று ஒரு குழந்தை சொன்னது. விரல்கூட அசையவில்லை. இப்படி ஒரு சிவனைப் பார்த்ததில்லை என்று சனம் கும்பிட்டது. நான் மட்டும் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பிறகு நல்லெண்ணெய் தேய்த்துவிடும்போது, "எப்படிண்ணே தாங்குனீங்க?" என்றேன். "நம்ம கையில இல்லாததுக்கு என்ன பண்றது? வேஷம் கட்டியாச்சு, உட்கார்ந்துதான் ஆகணும்" என்றார். யார் செய்தது என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அதன்பின் சி ரூசா கடற்கரையில் ஒரு தங்கும் விடுதியில் தோட்ட வேலை பார்த்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கினார். கடைசியில் சிறுநீரகம் கெட்டு, உடம்பெல்லாம் அரிப்பு. முதுகைத் தடவிக்கொடுத்தபோது ஒருநாள் சொன்னார்: "ஏன் பாப்பா, இதுலயும் பூனைக்காலி வச்சிட்டியா?"

எனக்குக் கை நின்றுவிட்டது.

"உன் தையல் எனக்குத் தெரியாதா? அது மண்டோருக்கு வச்சதுன்னும் தெரியும். விட்டுடு பாப்பா."

"மாட்டேன்" என்றேன். அண்ணனை நான் எதிர்த்துப் பேசியது அந்த ஒரு தடவைதான். அவர் சிரித்தார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

சாவு வீட்டுக்கு மண்டோரும் வந்தார். முன் நாற்காலியில் உட்கார்ந்து, "எல்லாம் விதி" என்றார். அண்ணனுக்கு வந்த நோய் விதி. அம்மா மழையில் நனைந்தது விதி இல்லை, அது ஒருவர் கை நீட்டிச் சொன்ன பொய். இரண்டையும் ஒன்றாக்க நான் விடமாட்டேன்.

ஆஸ்பத்திரிக்குக் காரில் ஏற்றிப் போன பக்கத்து வீட்டுத் தம்பிக்கும், ராத்திரி பகல் பார்க்காமல் கவனித்த மருமகள்களுக்கும், பாடை கட்டிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், தேவாரம் பாடியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

லோபாக்கில் இருக்கும் மண்டோர் வீட்டுக்கும் ஒரு புத்தகம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அவருக்குக் கண் தெரியவில்லையாம், பேத்திதான் எல்லாம் படித்துக் காட்டுகிறதாம். அம்மாடி, உன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பெரட்டு நடந்த பத்தியை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படி. காது கேட்கவில்லை என்றால் இன்னொரு தடவை படி.